தொண்டரின் களைப்பு: ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

எளிய சமூகமொன்றில் பிறந்து, அச்சமூகத்தின் பிணி தீர்க்கும் பணியில் தாமே முன்வந்து இறங்கிய ஒருவர், சில ஆண்டுகளுக்குள் உடலும் உள்ளமும் ஓய்ந்து, எந்த வீடுகளின் கதவைத் தட்டத் தொடங்கினாரோ அவ்வீடுகளின் பக்கம் போகவே மனமில்லாதவராக ஆகிவிடுவது ஏன் என்ற கேள்வி புதிதன்று. சேவை மனப்பான்மை குன்றிப்போயிற்று என்று ஒரு காலத்தில் விடை கூறினார்கள். மனத்தின் கொள்ளளவு நிரம்பிவிட்டது என்று உளவியலார் கூறினார்கள். கூலி கொடாமல் வேலை வாங்கினால் வேறென்ன நடக்கும் என்று தொழிற்சங்கத்தார் கேட்டார்கள். சாதியையும் பெண்ணின் நிலையையும் கணக்கில் கொள்ளாத எந்த விடையும் அரைகுறை விடையே என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் சிலர் வாதிக்கிறார்கள். இவ்விடைகள் எங்கிருந்து தோன்றின, எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்கின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதைத் தேனி மாவட்டத்துக் கோம்பையை ஓர் உதாரண பூமியாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி எழும் இடம்

உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பண்ணைப்புரத்துக்கும் தேவாரத்துக்கும் அண்மையில் அமைந்த பேரூராட்சி கோம்பை. வெளியூரார் பலருக்கு அவ்வூரின் பெயர் அங்குள்ள நாயினத்தால் மட்டுமே அறிமுகம். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் கூடலூர், கம்பம் வயல்கள் அடைந்த செழிப்பை மலையோரத்து ஊர்கள் அதே அளவில் அடைந்ததில்லை. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாளை எதிர்நோக்கியிருக்கும் நிலங்கள் இவை. நிலமற்ற குடும்பங்களுக்கோ மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களே ஜீவனம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு வழியாகவோ போடி மெட்டு வழியாகவோ மலையேறி, பொழுது சாயும் வேளையில் இறங்கி வருவது இப்பள்ளத்தாக்கின் கூலிப் பெண்கள் பலருடைய அன்றாடம்.

இத்தகைய ஊர்களுக்குத்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டு மாநிலம் முழுவதும் விரிந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்ற புதிய ஊழியரைக் கொண்டுவந்தது. சுயஉதவிக் குழுக்களிலிருந்து, அதே பகுதியில் குடியிருப்பவராகத் தேர்ந்தெடுக்கப்படும் இப்பெண், வீடு வீடாகச் சென்று பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரைகளைக் கையில் கொடுத்து, விவரங்களைக் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். தொடக்கத்தில் இவருக்கென நிர்ணயித்த மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய்.

வேலை எளிதாகத் தோன்றலாம். ஆனால் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒருத்தியின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டுமாயின், அவள் ஜீப் ஏறுமுன் இருட்டோடு போக வேண்டும்; தவறினால், அவள் இறங்கி வந்து, குளித்து, உலை வைக்கும் அந்தி நேரத்தில் போக வேண்டும். இவ்விரண்டு வேளைகளும் தன்னார்வலரின் சொந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டிய வேளைகளே. இடைப்பட்ட பகலில் தெருவில் கிழவர்களும் குழந்தைகளுமே இருப்பார்கள். பகுதி நேர வேலை என்று காகிதத்தில் எழுதியது, நாளின் இரு முனைகளையும் தின்றுவிடும் வேலையாக மாறுவதை எந்தச் செயலியும் பதிவு செய்வதில்லை.

சேவை என்னும் சித்தாந்தம்

நம் நாட்டில் இக்கேள்விக்குக் கிடைத்த மிகப் பழைய விடை தர்ம சாஸ்திரத்தின் சாயல் கொண்டது. பிறர் துயர் துடைப்பவன் பிரதிபலன் கருதலாகாது. கருதினால் அது தொண்டாகாது. தொண்டில் களைப்பு வருமாயின், அகத்தில் எங்கோ பற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பக்தி இயக்கத்தின் அடியார் மரபும் காந்தியடிகளின் நிர்மாணத் திட்டமும் இக்கருத்துக்கு வெவ்வேறு வகையில் உரமூட்டின. கோம்பையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய சின்னாளபட்டியருகே, 1947-இல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம், கிராமப் பெண்களையே தேர்ந்து பயிற்றுவித்து ஆரோக்கிய சேவையில் ஈடுபடுத்த முடியும் என்று செய்து காட்டிய முன்னோடி ஸ்தாபனங்களில் ஒன்று. அதன் பெருமையைக் குறைத்துப் பேச யாருக்கும் நியாயமில்லை.

ஆயினும் அந்த லட்சியத்தை அரசாங்கம் கையிலெடுத்தபோது அதன் உருவம் மாறிற்று. 1977 அக்டோபர் 2 அன்று, காந்தி ஜயந்தியாகப் பார்த்து, ஜனதா அரசு தொடங்கிய சமூக சுகாதாரப் பணியாளர் திட்டம், கிராமத்தார் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு இருநூறு மணி நேரப் பயிற்சியும், பின்னர் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியமும் கொடுத்து, நாட்டின் அடிப்படை வைத்தியத்தின் ஒரு பகுதியை அவர் தோளில் ஏற்றியது. பெயர்கள் மாறின, இறுதியில் கிராம சுகாதார வழிகாட்டி என்றாயிற்று, மதிப்பூதியம் மட்டும் நெடுநாள் ஐம்பதாகவே நின்றது. தமிழ்நாடு அத்திட்டத்தில் சேராமல், டாக்டர் கே.எஸ். சஞ்சீவியின் தன்னார்வ சுகாதார சேவை ஸ்தாபனம் வகுத்த சிறு சுகாதார நிலையங்கள் போன்ற மாற்று வழிகளையும், பின்னர் சம்பளம் பெறும் கிராம சுகாதார செவிலியரையும் நம்பியது என்பது நம் மாநில வரலாற்றில் விசேஷமாகக் குறிப்பிட வேண்டிய செய்தி. தன்னார்வலர் என்ற பாத்திரம் நமக்கு இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு பிந்தி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேவைச் சித்தாந்தத்தின் பலவீனம் எங்கே இருக்கிறது? செல்வமும் செல்வாக்கும் மிக்க டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்த சௌந்திரம் அம்மையாருக்கு எளிமை தாமே விரும்பி ஏற்ற விரதம். குழுக்கடன் தவணையை வாரந்தோறும் கட்ட வேண்டிய ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு அது பிறப்போடு வந்த நிலைமை. துறப்பதற்கு ஏதேனும் உடையவரே துறக்க முடியும் என்னும் சிறு உண்மையை இச்சித்தாந்தம் கவனிக்கத் தவறுகிறது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பராமரித்த தன்னார்வலர்களிடையே ஆராய்ச்சி செய்த மானிடவியலார் கென்னத் மேஸ், அத்தொண்டர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே உணவுக்கு உத்தரவாதமில்லாமல் இருந்ததை எடுத்துக்காட்டி, வறுமையில் உழல்வோரின் தன்னார்வத்தைச் செல்வந்தரின் தன்னார்வத்தோடு ஒரே தராசில் நிறுத்துவது தகுமா என்று கேட்டார். அக்கேள்வி நம் பள்ளத்தாக்குக்கும் பொருந்தும்.

உளவியலார் கண்ட களைப்பு

பணிச்சோர்வு என இன்று நாம் வழங்கும் கருத்து விஞ்ஞான உருவம் பெற்றது 1974-இல், அமெரிக்க உளவியலார் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் எழுதிய கட்டுரையால். நியூயார்க் நகரத்து இலவச மருத்துவமனை ஒன்றில், போதைப் பழக்கத்தால் சீரழிந்த இளைஞர்களுக்குப் பகல் வேலை முடிந்தபின் இரவில் சேவை செய்த தொண்டர்களிடமும் தம்மிடமுமே அவர் இந்நிலையைக் கண்டார். ஆக, இக்கருத்து தொண்டரிடையே பிறந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அது அவர்களை விட்டுச் சம்பளக்காரர்களிடம் குடியேறிவிட்டது. கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் வெளியிட்ட அளவுகோல், செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோரைக் கருத்திற்கொண்டு மூன்று அடையாளங்களை வகுத்தது: உணர்ச்சி வற்றிப்போதல், எதிரே இருப்பவரை ஒரு ஜடப்பொருளாகக் காணும் விலகல், தம் உழைப்பால் ஒன்றும் விளையவில்லை என்னும் எண்ணம். பின்னர் அவரும் மைக்கேல் லைட்டரும், குறை தனிமனிதரிடம் இல்லை, அவருக்கும் பணியிடத்துக்கும் உள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது என்று விளக்கி, வேலைப் பளு, அதிகாரம், வெகுமதி, சகவாசம், நியாயம், மதிப்பீடுகள் என்ற ஆறு துறைகளைச் சுட்டினார்கள். சோர்ந்தவரையே குற்றவாளியாக்கும் பழைய வழக்கத்திலிருந்து இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும் இந்த அளவுகோலைக் கோம்பைக்குக் கொண்டுவரும்போது மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன. முதலாவது, வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கதவு இருப்பதாக அது பாவிக்கிறது. நோயாளி சின்னம்மாவாகவும் எதிர்வீட்டு மதினியாகவும் இருக்குமிடத்தில், ராத்திரி பத்து மணிக்கு மயக்கம் வருகிறதென்று அழைப்பவரிடம் பணிநேரம் முடிந்தது என்று சொல்ல இயலாது. விலகல் என்னும் தற்காப்பே அங்கே உறவு முறிவாகிவிடும். இரண்டாவது, உடலின் களைப்பையும் உள்ளத்தின் களைப்பையும் பிரித்தறிவது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சற்றேறக்குறைய 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா என்று வினாத்தாள் கேட்டால், ஆம் என்னும் விடை மனத்தைப் பற்றியதா, ரத்தத்தைப் பற்றியதா என்று எங்ஙனம் துணிவது? மூன்றாவது இடர்ப்பாடு விசித்திரமானது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாடு, பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த நிலையாக மட்டுமே கொள்ள வேண்டும் என்று வரையறுக்கிறது. தன்னார்வலரோ சட்டத்தின் கண்ணில் தொழிலாளியல்லர். ஆகவே இலக்கணத்தைக் கறாராகப் பின்பற்றினால், அவருக்குச் சோர்வு வருவதற்கே உரிமையில்லை என்றாகிறது.

கூலியும் சட்டமும்

இங்கிருந்துதான் மூன்றாவது தரப்பின் வாதம் தொடங்குகிறது. மெக்ஸிகோ மலைக்கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர், கிராம சுகாதாரப் பணியாளர் அதிகாரத்தின் எடுபிடியா, மக்களின் விமோசகரா என்று எழுபதுகளின் இறுதியிலேயே கேட்டுவிட்டார். நம் நாட்டில் அதே கேள்வி நீதிமன்றங்களின் வழியாக நகர்ந்தது. அங்கன்வாடி ஊழியர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் அமீர்பி வழக்கில் தீர்ப்பளித்தது. 2013-இல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அங்கன்வாடி ஊழியர், ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் முதலிய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக அங்கீகரித்துக் குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் அளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2022-இல் அதே உச்ச நீதிமன்றம், அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்றது. கதவு முழுதாகத் திறக்கவில்லை. தாழ்ப்பாள் சற்று நெகிழ்ந்தது என்று கொள்ளலாம்.

மலைக்கு அந்தப்புறம் நடந்ததையும் பள்ளத்தாக்கு அறியும். 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் கேரளத்து ஆஷா பணியாளரில் ஒரு பகுதியினர் அமர்ந்து, 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக உயர்த்தக் கோரினார்கள். 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்திய ஆஷாக்களுக்கு விருதளித்துக் கௌரவித்து மூன்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவமும் 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்றது. பாராட்டுப் பத்திரம் மளிகைக் கடையில் செல்லுபடியாவதில்லை என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

கூலி வாதத்துக்கு உலக அரங்கிலும் ஆதரவு உண்டு. 2018-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், சமூக சுகாதாரப் பணியாளருக்கு அவர்தம் வேலையின் தன்மைக்கும் நேரத்துக்கும் ஏற்ற ஊதியம் தர வேண்டும் என்றும், செய்த வேலைக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகையை மட்டுமோ முக்கியமாக அதையோ நம்பி இருக்கச் செய்யலாகாது என்றும் கூறின. தன்னார்வலர் என்ற பெயரின் கீழ் மறைவது சம்பளம் மட்டுமன்று. பிரசவ விடுப்பு, விபத்துக்கு ஈடு, அவமதிப்பு நேர்ந்தால் முறையிட ஓர் அதிகாரி, வேலையை மறுக்கும் உரிமை ஆகிய யாவும் அதனோடு மறைகின்றன.

ஆனால் கூலி கிடைத்துவிட்டால் களைப்பு தீர்ந்துவிடுமா? இதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் எதிர்ச்சாட்சி உண்டு. கிராம சுகாதார செவிலியர், ஊரார் வாயில் 'நர்சம்மா', காலமுறைச் சம்பளம் பெறும் அரசு ஊழியர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிரசவப் பின்கவனிப்பு, அவற்றின்மேல் ஒரு பதிவேட்டுக்குப் பதில் இரண்டு என்ற கணக்கில் காகிதத்திலும் கணினியிலும் எழுத வேண்டிய விவரங்கள் என வேலை குவிகிறது என்று அவர்தம் சங்கங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றன. சம்பளம் பட்டினியிலிருந்து காக்கும், பதிவேட்டிலிருந்து காப்பதில்லை. ஆகவே கூலியைத் தேவையான நிபந்தனையாகக் கொள்ளலாமே அன்றிப் போதுமான நிபந்தனையாகக் கொள்வதற்கில்லை.

வாசற்படியில் நிற்பது

நான்காவது தரப்பார் காட்டும் காட்சி மிகச் சிறியது. ரத்த அழுத்தம் பார்ப்பதென்றால் ஒருவரின் மேற்கையில் துணிப்பட்டையைச் சுற்றி இறுக்க வேண்டும். சர்க்கரை பார்ப்பதென்றால் விரல் நுனியைப் பிடித்து ஊசியால் குத்த வேண்டும். தொடாமல் செய்ய இயலாத வேலை இது. தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில், காலனியிலிருந்து வரும் பெண் ஊர்த்தெரு வீட்டில் இதைச் செய்யும்போது, திண்ணையோடு நிறுத்தப்படலாம். நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பப்படலாம். நர்சம்மாவே வரட்டும் என்று பதில் வரலாம். இவை அடிதடியல்ல, புகார் மனுவில் எழுதத்தக்க சம்பவங்களும் அல்ல. ஆயினும் ஒரு காலைக்குள் நான்கு வாசல்களில் இது நேர்ந்தால், அதைத் தாங்கிக்கொண்டு ஐந்தாவது வாசலில் சிரித்த முகத்தோடு நிற்பதற்கு ஒரு தனி உழைப்பு வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்குத் தலைப்பு எந்தப் படிவத்திலும் இல்லை.

எதிர்த்திசையிலும் இதே சுவர் உண்டு. சங்கமித்ரா ஆச்சார்யா 2010-இல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, சுகாதார ஊழியரின் தொடுதலிலும் பேச்சிலும் மருந்து கொடுக்கும் முறையிலும் பாகுபாடு புகுந்திருப்பதை விரிவாகக் காட்டியது. அதற்குப் பரிகாரமாகவே, ஒடுக்கப்பட்ட சமூகத்தவரையே பணியில் அமர்த்துக என்ற யோசனை வலுப்பெற்றது. யோசனை நல்லதே. ஆனால் நோயாளிக்கு நேர்ந்துகொண்டிருந்த அவமானத்தைப் பணியாளரின் தலைக்கு மாற்றிவிடும் அபாயம் அதில் இருக்கிறது என்பதை யோசனை கூறியவர்கள் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இத்தரப்பின் வாதத்திலும் ஒரு குறை உண்டு. பாதிக்கப்பட்டோர் என்ற ஒரே சித்திரத்துக்குள் இப்பெண்களை அடைத்துவிட அது சில வேளைகளில் விரைகிறது. மகாராஷ்டிரத்து ஜாம்கேட் பகுதியில், ரஜினிகாந்த் அரோலேயும் மேபல் அரோலேயும் 1970-இல் தொடங்கிய முயற்சியில், எழுத்தறியாத தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்கள் கிராம சுகாதாரப் பணியாளராகிப் பல ஆண்டுகள் தளராமல் உழைத்தார்கள். முன்பு அவர்களை விலக்கிய வீடுகளே பிரசவத்துக்கு அவர்களை அழைக்க வந்தன. அங்கே வாரந்தோறும் கூடிப் பேசுவதற்கு ஓர் இடமும், கற்றுக்கொண்டேயிருக்கும் வாய்ப்பும், பின்னால் நிற்கும் ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தன. அதே பிறப்பும் அதே வறுமையும் ஓரிடத்தில் சோர்வையும் மற்றோரிடத்தில் தெம்பையும் தருமாயின், வேறுபாட்டை அந்த ஏற்பாடுகளில் தேடுவதே பொருத்தம்.

நோயாளியே தொண்டராகும்போது

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில், டாக்டர் சுனீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட பரிசோதனைகளால் கண்டறியப்பட்டது. கேரள எல்லைக்குச் செல்லும் லாரிப் பாதையில் அமைந்த தேனி மாவட்டம் அந்நோயின் சுமையைக் கடுமையாக உணர்ந்த மாவட்டங்களில் ஒன்று. ஆண்டிபட்டியில் தொழுநோய்ப் பணியில் தொடங்கிய ஆரோக்கிய அகம் போன்ற ஸ்தாபனங்கள் தம் பணியை அதற்கும் விரித்தன. 1997-இல் தொற்றுள்ளோரின் அகில இந்தியக் கூட்டமைப்பும், அடுத்த ஆண்டு பெண்களுக்கான கூட்டமைப்பும் சென்னையில் தோன்றின. நோயுற்றவரே பிற நோயாளிக்கு வழிகாட்டும் சகாத் தொண்டர் முறை அப்போது வேரூன்றிற்று.

இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை, தாம்பரம் உட்பட எட்டு இடங்களில் 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கும் வரை, இத்தொண்டர் பலரின் வேலை, தம்மைப் போன்றவர்களின் மரணத்துக்குத் துணையிருப்பதாகவே இருந்தது. அவர்களுக்கு வந்த களைப்பில் துக்கம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு, தம் நோயை ஊரறியச் சொல்ல நேர்ந்ததன் விலை எவ்வளவு என்று பகுத்துக் காட்டும் கருவி எந்தத் தரப்பாரிடமும் இல்லை. நிதி தந்த திட்டங்கள் காலவரம்பு முடிந்து விலகியபோது, வெளிப்படுத்திக்கொண்ட அடையாளத்தோடு அதே தெருவில் வாழ எஞ்சியவர்கள் அவர்களே. இங்கே, சொந்த அனுபவம் என்னும் தகுதிக்காகவே ஒருவரைத் தேர்ந்து, அவ்வனுபவத்தையே இடைவிடாமல் செலவழிக்கச் செய்வது எவ்வளவு தூரம் நியாயம் என்ற கேள்வி பிறக்கிறது.

எஞ்சி நிற்பவை

மேற்கண்ட தரப்புகளை ஒப்புநோக்கினால், சேவைச் சித்தாந்தம் தொண்டருக்கு ஊக்கம் தரும் சக்தியாக இன்றும் விளங்கினும், களைப்புக்கு விளக்கமாக அது நிற்கவில்லை என்று துணிந்து கூறலாம். உளவியல் அளவுகோல் பயன்படும், ஆனால் உடல்நிலையையும் உணவையும் சேர்த்து அளந்தாலன்றி இப்பள்ளத்தாக்கில் அது பிழையாகவே படிக்கும். கூலி வாதத்துக்கு இன்று கிடைக்கும் சான்றுகளே மற்றவற்றினும் வலுவானவை. சாதி பற்றிய வாதம் சரியான திசையைக் காட்டுகிறது. அதற்குரிய சான்றுகள் பெரும்பாலும் நோயாளிகளைப் பற்றியவையாக இருப்பதால், பணியாளரைப் பற்றி அது சொல்வது இப்போதைக்கு நியாயமான ஊகமே.

தீராத கேள்விகள் உண்டு. முழு நேர அரசு ஊழியராக்கிவிட்டால், ஊரார் இப்பெண்ணிடம் காட்டும் நம்பிக்கை நர்சம்மாவிடம் காட்டும் மரியாதையாக உறைந்துபோகுமா? சொந்தத் தெருவிலேயே பணி கொடுப்பதா, அடுத்த தெருவுக்கு மாற்றுவதா? முன்னது ஓய்வைப் பறிக்கிறது, பின்னது வாசற்படியைக் கொண்டுவருகிறது. இவற்றுக்குச் சென்னையிலிருந்து ஒரே விடை எழுதி அனுப்புவது சரிவராது. தஞ்சை வயலுக்கும் கோம்பை மலையோரத்துக்கும் வேலை நேரமே வேறு.

ஆயினும் இக்கேள்விகள் தீரும் வரை காத்திராமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை இவர்களுடைய ஊக்கத்தொகையைத் திருத்தி அமைப்பவர்கள், ஜீப் புறப்படுமுன் நடக்கும் விடியற்காலை வேலையையும், ஜீப் திரும்பியபின் நடக்கும் அந்தி வேலையையும் மணிக்கணக்காக எழுதி வாங்கி, அதற்கும் சேர்த்துக் கூலி நிர்ணயிக்க வேண்டும். திண்ணையில் நிறுத்தப்படும் பெண் எவரிடம் முறையிடலாம் என்பதையும் அதே ஆணையில் குறிப்பிட வேண்டும்.